முருகைத் தொட்டியில் ஐப்டேசியா பெருகினால் என்ன செய்வது?

வெள்ளவத்தையில் கடல்நீரில் முருகை (பவளம்) வளர்க்கும் மூன்றடித் தொட்டி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தொட்டி தொடங்கிப் பதினொரு மாதம். கடையில் வாங்கிய முருகைத் துண்டொன்றோடு பழுப்பு நிறத்தில், பூப்போல விரியும் கடல் உயிரான சின்ன அனிமோன் ஒன்று வந்தது. பார்க்க வடிவாக இருந்ததால் விட்டுவைத்தார். பக்கத்தில் இருந்த ஸோவாந்திட்கள் (முருகைக்கு உறவான, கல்லில் கூட்டமாக ஒட்டி வளரும் உயிர்கள்) சுருங்கத் தொடங்கியதும் பயந்து, கத்தியால் சுரண்டி எடுத்தார். ஆறு கிழமை கழித்து எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கு மேல். "அண்ணா, எல்லாக் கல்லையும் வெளியில எடுத்து அவிச்சுப்போட்டு முதலில இருந்து தொடங்கட்டா?" என்பதுதான் கேள்வி.

வேண்டாம் தம்பி. தொட்டியைக் கலைக்க வேண்டிய நிலைமை இது இல்லை. அதைவிட முக்கியம், கல்லை அவிக்கவே கூடாது. உங்கள் கல்லில் ஸோவாந்திட்கள் இருக்கின்றன. ஸோவாந்திட்களிலும், விசேஷமாக அவற்றின் இனத்தைச் சேர்ந்த பாலிதோவாவிலும், பாலிடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். விலங்குகளில் காணப்படும் மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் அது அழிவதில்லை, ஆவியோடு சேர்ந்து வீடு முழுக்கப் பரவும். இப்படிக் கல்லை அவித்த வீடுகளில் மூச்சுத் திணறலும் காய்ச்சலுமாகக் குடும்பமே ஆசுபத்திரிக்குப் போனது வெளிநாடுகளில் பல தடவை நடந்திருக்கிறது. வெள்ளவத்தை மாடி வீட்டுச் சமையலறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அதைச் செய்வதை நினைக்கவே எனக்குப் பதறுகிறது. கொதிநீரை ஊற்றித் தேய்ப்பதும், உயர் அழுத்தத் தண்ணீர் பீச்சுவதும் அதே ஆபத்துத்தான். ஸோவாந்திட் உள்ள கல்லைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொடவே வேண்டாம்.

இனி, ஒன்று நாற்பதானது எப்படி என்பதைப் பார்ப்போம். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஐப்டேசியா. கண்ணாடி அனிமோன் என்றும் சொல்வார்கள். இதன் அடிப்பாதத்தில் இருந்து துணுக்குகள் தானாகவே கழன்று கல்லில் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றும் சில நாட்களில் வாயும் கைகளும் முளைத்துத் தனி அனிமோன் ஆகிவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டாலே இப்படித்தான் பெருகும். கத்தி வைத்துச் சுரண்டும்போது அடிப்பாதம் பத்துத் துண்டாகக் கிழிந்து கல்லின் துளைகளுக்குள் தங்கிவிடுகிறது. அது தானாகச் செய்கிற வேலையை நாங்களே கெதியாகச் செய்து கொடுத்துவிடுகிறோம். வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது விளங்கும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை மேலே பிடுங்கி என்ன பயன்? தெஹிவளையில் நான் வைத்திருந்த முதல் தொட்டியிலும் இதே பிழையைச் சவர அலகால் செய்தேன். மூன்று கிழமையில், சுரண்டிய கோட்டின் வழியே வரிசையாக முளைத்து நின்றன. ஆகவே இந்த வேலையின் முதல் விதி இதுதான்: ஓர் அனிமோனைத் தொட்டால் முழுதாகக் கொல்ல வேண்டும், முடியாதென்றால் அன்றைக்குத் தொடாமல் விட வேண்டும். நசுக்குவது, கிள்ளுவது, பிரஷால் தேய்ப்பது எல்லாம் பெருக்கத்துக்குத்தான் உதவும்.

எதையும் செய்ய முதல், இருப்பது ஐப்டேசியாதானா என்று நன்றாகப் பாருங்கள். நீளமான மெல்லிய தண்டு, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் பழுப்புநிற உடல், ஊசிபோல் கூராக முடியும் நீண்ட கைகள், கிட்டப் போனால் சடாரென்று துளைக்குள் இழுத்துக்கொள்ளும் சுபாவம், இவை இருந்தால் ஐப்டேசியா. தண்டு குட்டையாக, கைகள் கட்டையாக, நுனி உருண்டு பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் அது மஜானோ என்ற வேறோர் அனிமோன். நடுவில் வாய்த் தட்டே இல்லாமல், விசிறிபோல விரிந்து, குழாய்க்குள் மின்னல் வேகத்தில் மறைந்தால் அது விசிறிப் புழு, ஒரு தீங்கும் செய்யாதது. விசிறிப் புழுக்களை ஐப்டேசியா என்று நினைத்து ஊசி போட்டுக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். பாவம் அந்தப் புழுக்கள், தண்ணீரைத்தான் வடிகட்டிக்கொண்டு இருந்தன.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் என் கண்ணில் பெரிதாகப் பட்டது: ஒரு நாளைக்கு மூன்று முறை உறைந்த இறால் போடுகிறீர்கள். மீன்கள் ஐந்து. மிச்சம் யாருக்குப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? ஐப்டேசியாவுக்கு இரண்டு வழியில் சாப்பாடு. முருகைகளுக்கு இருப்பதுபோலவே அதன் உடலுக்குள்ளும் ஒருகல அல்காக்கள் (பாசிகள்) குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு செய்து கொடுக்கின்றன. அதற்குமேல், தண்ணீரில் மிதந்து வரும் துணுக்குகளைக் கைகளால் பிடித்தும் தின்னும். வெளிச்சத்தை நிறுத்தினால் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சாகாது. வெளுத்துப்போய், பிடித்துத் தின்பதை வைத்தே உயிரோடு இருக்கும். சம்ப்புக்குள்ளும் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் பெட்டி) குழாய்க்குள்ளும் வெள்ளையாக ஒட்டியிருப்பவை அவைதான். எனவே சாப்பாட்டைக் குறைக்காமல் எத்தனை ஊசி போட்டாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற கதையாகத்தான் முடியும். ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். உறைந்த உணவை ஒரு வலைக் கரண்டியில் இட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் (நுண்சவ்வால் வடிகட்டிய சுத்தமான தண்ணீர்) அலசி, உருகிய சாற்றை ஊற்றிவிட்டுப் போடுங்கள். நைத்திரேற்று 10 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) பக்கத்திலும், பொஸ்பேற்று 0.1 பிபிஎம்முக்குக் கீழும் நின்றால் நல்லது. ஆனால் இரண்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுபோகப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்தால் முருகைகள் வெளிறும், டைனோ என்ற வழுவழுப்பான பழுப்புப் படலம் வந்து அதைவிடப் பெரிய தலையிடியாகும்.

கடற்கரை நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் கொழும்பில் பலர் தண்ணீரை அங்கேயே அள்ளுகிறார்கள். நீங்களும் அப்படித்தானா என்று தெரியவில்லை. அப்படியென்றால் நிறுத்துங்கள். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்து அழுக்கோடு அந்தக் கரையில்தான் கடலில் விழுகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தண்ணீர் கலங்கியே கிடக்கும். இறக்குமதி உப்பு விலை கூடத்தான். ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்த உப்பில் என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியும்.

சரி, கொல்லும் வேலைக்கு வருவோம். நாற்பது அனிமோன் இருக்கும் மூன்றடித் தொட்டிக்கு, ஏறக்குறைய 180 லீற்றர் தண்ணீருக்கு, என்னுடைய தெரிவு சுண்ணாம்புதான். இரசாயனப் பெயர் கல்சியம் ஐதரொட்சைட்டு. முருகை வளர்ப்பவர்கள் கல்சியம் கொடுப்பதற்காகக் கரைத்து ஊற்றும் அதே கால்க் தூள். வெற்றிலைத் தட்டத்தில் இருப்பதும் அடிப்படையில் இதுதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பாவிக்காதீர்கள். அதில் நிறமும் வாசமும் சேர்த்திருப்பதும் உண்டு, என்ன கலந்திருக்கிறதென்று தெரியாது. இன்னொரு காரணமும் எனக்கு இருக்கிறது. இந்தத் தீவின் தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லைத் தோண்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது நெடுங்காலத் தொழிலாக இருந்தது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தத்தோடு அது தடைசெய்யப்பட்டது. எங்கிருந்து வந்ததென்று தெரியாத சுண்ணாம்பை ஒரு முருகைத் தொட்டிக்குள் விட எனக்கு மனம் வராது. ஆய்வுகூட இரசாயனம் விற்கும் கடையில் தூய தூளைக் கேட்டு வாங்குங்கள், ஒரு சின்னப் போத்தல் காணும்.

செய்கிற முறை இப்படி. ஒரு தேக்கரண்டித் தூளில் ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தோசைமாவைவிடச் சற்று இறுக்கமாகக் குழையுங்கள். மருந்துக்கடையில் 3 மில்லிலீற்றர் சிரிஞ்சும் கொஞ்சம் தடித்த ஊசியும் வாங்குங்கள். இன்சுலின் ஊசி மிக மெல்லியது, குழம்பு அடைத்துக்கொள்ளும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கண்ணில் பட்டால் சுண்ணாம்பு பொசுக்கிவிடும். பம்புகளையும் அலை மோட்டாரையும் நிறுத்துங்கள், ஓடும் தண்ணீரில் குழம்பு பறந்து முருகைகளில் விழும். ஐந்து நிமிடம் விடுங்கள், அனிமோன்கள் நன்றாக விரியட்டும். ஊசியை மேலேயிருந்து கொண்டுபோகாதீர்கள், நிழல் விழுந்தால் உள்ளே போய்விடும். பக்கவாட்டில் இருந்து மெதுவாகக் கொண்டுபோய், வாய்த் தட்டுக்கு மேலே நுனியை வைத்து, குத்தாமல், ஒரு சின்ன உருண்டையாகக் குழம்பை வாய்மேல் இறக்குங்கள். அது சாப்பாடு என்று நினைத்து மூடி உள்ளே இழுக்கும். அந்த இழுப்புத்தான் உங்களுக்கு வேண்டியது. உடனே மேலும் கொஞ்சம் விட்டு, துளையின் வாயையே மூடிவிடுங்கள். அனிமோன் கோபித்தால் வெள்ளை நூல்களை வெளியே விடும். அவை கொட்டும் நூல்கள், முருகையில் பட்டால் காயமாக்கும். அதனால்தான் குத்திக் கிழிக்காமல் மூட வேண்டும் என்கிறேன். இருபது நிமிடம் கழித்து வெள்ளைப் படிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பம்புகளைப் போடுங்கள்.

ஒரே நாளில் நாற்பதையும் முடிக்க ஆசை வரும். வேண்டாம். நிறைசுண்ணாம்புத் தண்ணீரின் பீ.எச். 12க்கு மேல், உங்கள் தொட்டியினுடையதோ 8.1க்கும் 8.4க்கும் இடையில். ஒரு நாளைக்கு ஐந்தாறு அனிமோன், மொத்தம் 3 மில்லிலீற்றர் குழம்புக்கு மேல் போகாமல், இரண்டு நாள் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். பீ.எச். 8.5ஐத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். காலையில் லைற் போட்டுக் கொஞ்ச நேரத்தில் செய்வது நல்லது, இரவு முழுக்கப் பீ.எச். இறங்கி இருக்கும். மின்வெட்டு அறிவித்த நாளில் தொடவே தொடாதீர்கள். செத்த அனிமோன்கள் அழுகும்போது ஒட்சிசனும் குறையும் அமோனியாவும் ஏறும், அந்த நேரம் பம்பும், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் நின்றால் மீன்கள்தான் முதலில் போகும். 2022இல் நீண்ட மின்வெட்டுகள் வந்தபோது இந்த நகரத்தில் எத்தனையோ பேர் தொட்டிகளை இழந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏற்றலாம், வேலை செய்யும். ஆனால் நீராக இருப்பதால் வழிந்து ஓடிவிடும், ஊசியை உடலுக்குள் சரியாகக் குத்தியாக வேண்டும். குறி தவறினால் பாதி உயிரோடு துளைக்குள் தங்கிவிடும். இதற்கென்றே போத்தலில் விற்கும் ஐப்டேசியா எக்ஸ் போன்ற மருந்துகளும் நல்லவைதான். அவையும் வாய்மேல் விட்டு விழுங்க வைக்கும் அதே வழி, காசுதான் கூட. எந்த மருந்தாக இருந்தாலும் ஒரு கிழமை கழித்து அதே இடங்களைத் திரும்பப் பாருங்கள். சில திரும்ப வரும். திரும்ப வந்தவை சின்னதாக இருக்கும்போதே மூடிவிடுங்கள்.

நாற்பதில் பன்னிரண்டு ஒரே சின்னக் கல்லில் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கல்லில் முருகை ஒன்றும் இல்லையென்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெளியே எடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத மொட்டை மாடி வெயிலில் இரண்டு கிழமை காய விடுங்கள். பிறகு வேறு வாளியில் உப்புத் தண்ணீரில் வைத்து, அமோனியா பூச்சியம் ஆனபின் தொட்டிக்குள் போடலாம்.

இனி, தின்னும் விலங்குகள். பெப்பர்மின்ட் இறாலைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், லைஸ்மாட்டா வூர்டெமன்னி முதலான அத்திலாந்திக் இறால்கள் சின்ன ஐப்டேசியாக்களைத் தேடித் தின்னும். பெரியவற்றைப் பெரும்பாலும் தொடாது. அதனால் பெரியவற்றை ஊசியால் முடித்தபின், குஞ்சுகளைத் துப்புரவாக்க மூன்று நான்கு இறால் விடுவது நல்ல ஒழுங்கு. ஆனால் இங்கே ஒரு விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் பெப்பர்மின்ட் என்று சொல்லி எனக்கு நான்கு இறால் தந்தார்கள். அவை ஒட்டக இறால்கள். ஐப்டேசியாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக நான் வளர்த்த பச்சை நட்சத்திரப் பொலிப்புகள் என்ற மென்முருகைகளையும் ஸோவாந்திட்களையும் ஒரு மாதத்தில் கிள்ளித் தின்று முடித்தன. வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உண்மையான பெப்பர்மின்டின் உடல் ஊடுருவித் தெரியும், மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாட்டில் ஓடும். ஒட்டக இறாலுக்கு முதுகு கூனியிருக்கும், கண் பெரிது, சிவப்புக் கோடுகளுக்கு நடுவே பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வாங்காதீர்கள். முதுகில் நீளவாட்டில் ஓடும் வெள்ளைப் பட்டையோடு எங்கள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கிளீனர் இறால் வேறு. அது மீன்களைச் சுத்தம் செய்யும், ஐப்டேசியாவுக்கு உதவாது.

பெர்ஜியா என்ற சின்னக் கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. கிடைத்தால் அதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனால் ஊசியும் இறாலும் பாவிக்கும் தொட்டியில் அதை விட்டுப் பயனில்லை, பெப்பர்மின்ட் இறாலும் சில ராஸ் மீன்களும் அதைத் தின்றுவிடும், ஐப்டேசியா முடிந்தால் அதுவும் பட்டினியில் சாகும். கொப்பர்பான்ட் வண்ணத்துப்பூச்சி மீனை உங்கள் தொட்டிக்கு நான் சொல்லவே மாட்டேன். மூன்றடி அதற்குச் சிறை. சாப்பாட்டுக்குப் பழக்குவது கடினம், மெலிந்து மெலிந்து சாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டி வரும். எங்கள் கடலில் இருக்கும் ரக்கூன் வண்ணத்துப்பூச்சி மீன் ஐப்டேசியாவை விரும்பித் தின்னும். அப்புறம் முருகையையும் தின்னும். மீன் மட்டும் உள்ள பெரிய தொட்டிக்குத்தான் அது.

இருப்பது மஜானோ என்று தெரிந்தால் இறாலையும் பெர்ஜியாவையும் நம்பாதீர்கள், சுண்ணாம்பு அல்லது கல்லையே எடுப்பது, இரண்டில் ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய பபிள்டிப் அனிமோன் இரண்டாகப் பிரிந்து பெருகுவது வேறு கதை. அதைக் கொல்ல வேண்டியதில்லை. ஐஸ்கட்டி ஒன்றை அதன் அடிப்பாதத்துக்குப் பக்கத்துக் கல்லில் பிடித்தால் தானாகவே கழன்று வரும். தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள்.

கோபத்தோடு ஊசியை எடுக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முருகைகள் ஏன் வெளுக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படுவது இதே ஐப்டேசியாதான். அதன் மரபணுத் தொகுதி 2015இல் வெளியானது. முருகைக்குள் வாழும் அதே வகை அல்காக்கள் இதற்குள்ளும் வாழ்வதாலும், எந்த வாளியிலும் சாகாமல் பெருகுவதாலும் அது அவர்களுக்கு உதவுகிறது. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவை முருகைகள் வெளுத்துச் செத்ததைப் போன்ற அழிவுகளின் காரணத்தை இந்தச் சின்ன உயிரிடம் கேட்டு அறிகிறார்கள். உங்கள் தொட்டியில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். சூடு பற்றிய பாடம் உங்களுக்கும் பொருந்தும். கொழும்பு வெப்பத்தில் மத்தியானம் தொட்டி 30 பாகை ஏறினால் முதலில் தளர்வது உங்கள் முருகைகள், ஐப்டேசியா அல்ல. மூடியைத் திறந்து ஒரு மின்விசிறியைத் தண்ணீர் மேல் அடிக்கவிட்டாலே இரண்டு பாகை இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள்.

இனிமேல் வாங்கும் ஒவ்வொரு முருகைத் துண்டையும் அது ஒட்டியிருக்கும் அடிக்கட்டையோடு தொட்டிக்குள் விடாதீர்கள். ஐப்டேசியா வருவது பெரும்பாலும் அந்தக் கட்டையின் அடியில்தான், மருந்துத் தண்ணீரில் முக்கினாலும் அது சாவதில்லை. முடிந்தால் முருகையை மட்டும் கழற்றி, சுப்பர் குளூ ஜெல்லால் புதுக் கட்டையில் ஒட்டுங்கள். பழையதை எறிந்துவிடுங்கள். பிறகு தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். நத்தை ஓடுகளின் மேலும் பாருங்கள்.

எடுத்த அனிமோன்களையும் கழித்த தண்ணீரையும் கொண்டுபோய்க் கடலில் ஊற்ற வேண்டாம். கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அது இயல்பாகத் தோன்றும், ஆனால் எந்தக் கடலில் இருந்து வந்ததென்று தெரியாத உயிரை எங்கள் கரையில் விடுவது அது. ஒரு வாளியில் போட்டு, வீட்டில் பாவிக்கும் குளோரின் வெளிற்றியை நிறைய விட்டு, ஒரு நாள் மூடி வைத்துவிட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள். அந்த வாளியில் எழுதி ஒட்டிவிடுங்கள், மறந்துபோய் யாரும் அதைத் தொட்டித் தண்ணீருக்கு எடுக்காமல்.